கறுப்பியின் படம்

ஞானாம்பிகை அக்கா மூன்றாவது தடவையாகக் கதவைத் தட்டியபோது நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. காலையிலிருந்து நாலு வீட்டு ஹீட்டர்களோடு மல்லுக்கட்டிவிட்டு அப்போதுதான் கதிரையில் விழுந்திருந்தேன். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருபத்தொரு வீடுள்ள கட்டடத்துக்கு ஜனிட்டராக இருப்பவனுக்கு, அந்தோனியாரே நேரில் வந்து தட்டினாலும் கொஞ்சம் பொறும் என்றுதான் சொல்லத் தோன்றும்.

அதே கட்டடத்தில் தனியாகக் குடியிருக்கும் அக்காவின் பூனை கறுப்பியை இரண்டு நாளாகக் காணவில்லை. விளக்குக் கம்பங்களில் ஒட்ட ஒரு போட்டோவும் இல்லை. குப்பையைக் கண்டபடி போடவேண்டாம் என்று அஞ்சு பாஷைக்காரருக்கும் விளங்கட்டுமென குப்பை கிளறும் ரக்கூன் ஒன்றின் படத்தை நான் கீறி வாசலில் ஒட்டியிருந்தேன். அதைப்போலக் கறுப்பியையும் கீறித் தரவேணுமாம். மகள் அஜிதாவின் வரைதல் கொப்பியையும் குவாஷ் வர்ண டியூப்களையும் எடுத்து வைத்தேன்.

கறுப்பி செத்துப்போனது எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை பழைய அடுப்பொன்றை இறக்குவதற்காகப் பின்கதவு மூடாமலிருக்கக் கல் வைத்தவன் நான். எடுக்க மறந்தவனும் நான்தான். அடுத்தநாள் காலை பின்ஒழுங்கையில், கார் அடித்து, ஒருக்களித்துக் கிடந்தது. கறுப்புப் பையில் போட்டு மற்றக் குப்பைப் பைகளோடு வைத்தேன். எட்டு மணிக்கு லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. சொல்லத்தான் இருந்தேன், சத்தியமாக. மூன்றாம் மாடியில் தண்ணீர் ஒழுகியது. பேந்து சொல்லலாம் என்று விட்டேன்.

அக்கா பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கண் இன்னும் மஞ்சளாக வேணும். வால் நுனி கொஞ்சம் வளைவு. பியர்பொன்ட்ஸ் புறநகரில் வீடு வாங்கிய மகன் வரச்சொல்லிக் கேட்டபடியாம். மருமகளுக்குப் பூனை ஒத்துவராது என்பதால்தான் இவர் போகவில்லையாம். கறுப்பி வந்தால் உள்ளே ஏறட்டுமென்று இந்த மார்ச் குளிரிலும் யன்னலைத் திறந்துவிட்டுப் படுக்கிறாராம். நான் வால் நுனியை வளைத்தேன்.

குவாஷ் சுண்ணாம்பு பூசினமாதிரி மூடும். காய்ந்ததும் கறுப்பு வெளிறி, பூனை கரிக்கட்டிபோலத் தட்டையாகக் கிடந்தது. அலுப்பில் கை தன்பாட்டில் போனது. படுத்திருக்கும் பூனையின் வயிற்றில், பின்னங்காலுக்குக் கிட்ட, ஒழுங்கையில் கண்டபடியே பெருவிரல் அளவில் வெள்ளையாக ஒரு மறு வைத்தேன். உருவம் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

அக்கா கதையை நிறுத்தினார்.

"உந்த வெள்ளை மறுவை நான் சொல்லேல்லையே, யோசெப்."

நான் தூரிகையைத் தண்ணீரில் போட்டேன்.

"அது ஒருத்தருக்கும் வயித்தைக் காட்டிப் படுக்காது. என்னட்டை மட்டுந்தான்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அவர் சத்தம் போடவில்லை. மெல்லக் கேட்டார்.

"எங்கை தம்பி புதைச்சனீர்?"

புதைக்கவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அக்கா விரல் நுனியால் அந்த வெள்ளையைத் தடவினார். ஈரம் காயாத பெயின்ற் விரலில் ஒட்டியது. துடைக்காமல் கையைப் பொத்திக்கொண்டார். படத்தில் அந்த இடம் கறுப்போடு கலந்து சாம்பலாக இழுபட்டிருந்தது.