பெட்ரோல் பட்ட கை

கயிற்றை எத்தனை முறை இழுத்தும் எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே பெட்ரோலை அடைக்கும் குட்டி ஊசி தேய்ந்துவிட்டது என்று தங்கராஜுவுக்குப் புரிந்தது. எஞ்சின் மூடியைத் தூக்கி வைத்தான்.

"என்னடா, நின்னுபோச்சு?" என்றார் அண்ணன் மருதப்பன். பேண்டுக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். மடியில் சிவப்புத் துணி கட்டிய பானை. அப்பா அதற்குள் இருந்தார்.

"சின்ன பார்ட்ஸ்தான் அண்ணே. பையில இருக்கு, மாத்திடறேன்."

"போட் எஞ்சின் கடையில வேலை பாக்கிறவன், முன்னாடியே பாக்க மாட்டியா?"

பார்த்திருப்பான்தான். நேற்றெல்லாம் அப்பா கிடந்த அறையைக் கழுவிக்கொண்டிருந்தான். ஈசூனில் தன் வீட்டில் வைத்து இரண்டு வருஷம் அவருக்குப் பீ மூத்திரம் அள்ளியவர்கள் அவனும் உர்சுலாவும். அவளைக் கட்டிக்கொள்ள ஞானஸ்நானம் வாங்கியவன் என்று அண்ணன் வாய்க்கரிசிகூடப் போடவிடவில்லை. அஸ்தியிலாவது ஒரு பிடி அள்ளிக் கடலில் போட வேண்டும். அதற்காகத்தான் முதலாளியிடம் கெஞ்சி இந்தப் படகை வாங்கி வந்தான்.

"அண்ணே, கரைக்கும்போது நானும் ஒரு பிடி போடறேன்."

கேட்டுவிட்டுப் புது ஊசியைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டான். ஆடுகிற படகில் அதை வைக்க வேறு இடமில்லை. கீழே விழுந்தால் போயிற்று. இரண்டு கையும் கார்பரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றுவதில் இருந்தன.

"வேதத்துல சேந்தவன் கை பட்டா அவரு எப்படிடா நல்லபடியா போய்ச் சேருவாரு? உன் வீட்ல இருந்தாருன்னு கேக்கிறியா? எங்க மாடியில லிஃப்ட் நிக்காது லா. அதனால விட்டு வச்சேன். நீ என்னமோ புள்ளையா தாங்கினேன்னு நெனச்சுக்காத."

பதில் வாய்வரை வந்தது. ஊசி இருந்ததால் அங்கேயே நின்றது.

ஓர் அலை படகைச் சாய்த்தது. பானை சரிய, அவன் கை தானாக நீண்டது.

"தொடாத."

கை திரும்பி வந்தது. ஊசியை மிதவையில் மாட்டி, புது கேஸ்கெட்டை வைத்து, கிண்ணத்தை முடுக்கினான். எண்ணெய் கலந்த பெட்ரோல் முழங்கைவரை வழிந்து மினுங்கியது. ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"அப்பாடா" என்றார் அண்ணன்.

கரை சிறுத்ததும், "இங்கேயே போதும், நிறுத்து" என்றார்.

தங்கராஜு எஞ்சினைத் தணித்தான். காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தான். கைப்பிடியை மெல்லத் திருப்பி, படகின் முகத்தைக் காற்றுக்கு நேராக வைத்தான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தே சம்பாதித்த அண்ணனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? அவர் துணியை அவிழ்த்து, கண்களை மூடி, முணுமுணுத்தபடியே பானையைக் கவிழ்த்தார்.

பாதி தண்ணீரில் விழுந்தது. மீதி காற்றோடு அண்ணனைத் தாண்டிப் பின்னால் வந்து அவன் மீது படிந்தது. ஈரக் கைகள் இரண்டும் சாம்பல் பூத்தன.

அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"கையக் கழுவுடா."

"வீட்டுக்குப் போய்க் கழுவிக்கிறேன் அண்ணே."

கைப்பிடியை விரல் நுனியால் மட்டும் பிடித்து, படகைக் கரைப் பக்கம் திருப்பினான்.