பட்டாளத்து பி.எஸ்.ஏ.

சுவிசேஷமுத்துவுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள், மக்களே. முழுக்கக் கேட்டால் நீங்களும் கொடுக்கமாட்டீர்கள்.

பாளையங்கோட்டையில் அவனுக்கு இரண்டு அறை ஓட்டு வீடு. ஓர் அறை ஒழுகும். அதில் அவனும் மனைவி எப்சியும் படுத்தார்கள். ஒழுகாத அறையில் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் நின்றது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு பட்டாளத்துச் சாமான்களை மதுரையில் ஏலம் விட்டபோது அவன் அப்பா எடுத்தது. அப்பாவாவது ஓட்டினார். மகன் துடைத்தான், அவ்வளவுதான். தொண்ணூற்றிரண்டில் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது, நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியைக் கட்டில்மேல் ஏற்றிவைத்தான். எப்சி முழங்கால் தண்ணீரில் நின்று குழம்பு கூட்டினாள்.

ஏலத்தில் எடுத்தது என்று சொன்னால் கௌரவம் குறைந்துவிடுமாம். டீக்கடையில் அவன் பேச்சே வேறு.

"முப்பத்திரண்டுல வெள்ளக்காரப் பாதிரியார் ஓட்டுன வண்டி வே இது. ஊருக்குப் போகும்போது எங்கப்பா கையில சாவியக் குடுத்துட்டுல்லா கப்பல் ஏறுனாரு."

"அந்த வண்டிக்குச் சாவியே கிடையாதே, அண்ணாச்சி" என்பார் மெக்கானிக் நூர்முகம்மது. கடையே சிரிக்கும். மறுநாளும் அதே சாவி, அதே கப்பல்.

தொண்ணூற்று நாலில், பழைய இங்கிலாந்து வண்டிகளை வாங்கிச் சேர்க்கிற சாய்கிருஷ்ணன் என்பவர் பெங்களூரிலிருந்து வருவதாகக் கடிதம் போட்டார். நூர்முகம்மதுதான் தகவல் சொல்லியிருந்தார். எப்சி கேட்டது ஒன்றே ஒன்று.

"வித்துட்டு, அடமழைக்கு முன்ன ஓட்ட மாத்திருங்க. நெஞ்சுல சளி கட்டி மூச்சு முட்டுது."

"ஏட்டி, ஓடா பெருசு? பெங்களூர்க்காரன் நம்ம வாசலத் தேடி வாரான்!"

முந்தின நாள் நூர்முகம்மது வந்து வண்டியைப் பார்த்தார். "நல்லா இருக்கு அண்ணாச்சி. அவரு மொதல்ல இஞ்சின் நம்பரத்தான் பாப்பாரு. என்ன வருசம், யாருக்குச் செஞ்சதுன்னு அதுல இருந்தே சொல்லிருவாரு."

சுவிசேஷமுத்துவின் முகம் சுண்டிப்போனது. பாதிரியாரும் கப்பலும் சாவியும் ஒரு நம்பரில் மூழ்கப்போகின்றன. அவர் அந்தப் பக்கம் போனதும் இவன் அரத்தை எடுத்தான். இஞ்சினில் இருந்த நம்பரையும் வண்டிச் சட்டத்தில் இருந்த நம்பரையும் ராவித் தள்ளி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினான். மேலே வெள்ளி பெயிண்ட். அதுவும் சர்ச்சில் ஊர்கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்குக் கோயில் கேட்டுக்கு அடித்து மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான்.

மறுநாள் நூர்முகம்மதுவோடு சாய்கிருஷ்ணன் வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். குந்தி உட்கார்ந்து இஞ்சினை விரலால் தடவினார்.

"நம்பர் எங்க சார்?"

"அது சொறி மாதிரி அசிங்கமா இருந்துச்சு சார். தேச்சுட்டேன். முப்பத்திரண்டு மாடல். வெள்ளக்காரப் பாதிரியார்..."

"இந்த மாடலை முப்பத்தேழுக்கு முன்னால செய்யவே இல்ல. எனக்குப் பாதிரியார் வண்டி வேண்டாம் சார். பட்டாளத்து வண்டி இருக்குன்னு கேள்விப்பட்டுத்தான் ராத்திரி பூரா பஸ்ல வந்தேன்."

"பட்டாளத்து வண்டிதான் சார்! ஏலத்துல எடுத்ததுதான்! ஆர்.சி. புக்குல நம்பர் இருக்கு!"

"புக்குல இருந்து என்ன? வண்டியில இல்லையே. நம்பர் அழிச்ச வண்டி, திருட்டு வண்டி மாதிரி. எவனும் தொடமாட்டான்."

"இந்த உண்மைய அரத்தத் தொடுததுக்கு முன்ன சொல்லிருக்கலாம்லா, அண்ணாச்சி" என்றார் நூர்முகம்மது.

சாய்கிருஷ்ணன் விரலில் ஒட்டிய வெள்ளியைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். சுவிசேஷமுத்து அப்போதும் அடங்கவில்லை. "விவரம் கெட்ட பய. இங்கிலாந்துக்காரன் வந்தா கொத்திட்டுப் போவான்."

மேற்கே மலைப்பக்கம் இடி உருண்டது. கதவருகே நின்ற எப்சி சேலையை இழுத்துச் செருகினாள்.

"பாய், ஒரு கை குடுங்க."

எப்சியும் நூர்முகம்மதுமாக வண்டியைத் தள்ளி ஒழுகுகிற அறையில் நிறுத்தினார்கள். காய்ந்த அறைக்கு எப்சியின் பாய், தலையணை, கஷாயச் செம்பு மூன்றும் போயின.

"ஏட்டி, நான் எங்கன படுக்க?"

"உங்க பாதிரியார்ட்ட கேளுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மழை பிடித்தது. மூன்றிடத்தில் ஒழுகத் தொடங்கிய அந்த அறைக்குள், எப்சியின் தலைக்குமேல் ஒருநாளும் பிடித்திராத குடையை விரித்து, பெட்ரோல் டாங்குக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான் சுவிசேஷமுத்து.