கிரெக்கின் முறை

நோபல் பார்க்கிலிருந்து வேலைக்குப் போகும்போது சிறி கார் ஓட்டுவான். பக்கத்தில் இருக்கும் அலியாருக்கு நாளுக்கொரு ஆங்கில மரபுத்தொடர் சொல்லிக் கொடுப்பான். 'பீஸ் ஒப் கேக்' என்றால் மிகச் சுலபம். 'அண்டர் த வெதர்' என்றால் உடம்புக்கு முடியவில்லை. நாற்காலி, கட்டில் செய்யும் அவர்களுடைய தளபாடத் தொழிற்சாலையில் அலியார் புதிது. இடைவேளையில் தேத்தண்ணி மேசையில் நடக்கும் பகிடிகளுக்கு மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

ஒரு காலை 'மை ஷவுட்' வந்தது.

"தேத்தண்ணி நேரத்தில ஒராள் இப்பிடிச் சொன்னா, இண்டைக்கு எல்லாருக்கும் அவர்தான் வாங்கித் தாறார் எண்டு அர்த்தம், நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் சிறி.

"இது நம்மட பழக்கம்தானே!" என்றார் அலியார்.

இடைவேளைக்குச் சாப்பாட்டு வண்டி வாசலில் வந்து நின்றதும் அவரே முதலில் எழுந்து, "மை ஷவுட்!" என்றார். மேசை கைதட்டியது. மறுநாளும் அவரே எழுந்தார். அதற்கு அடுத்த நாளும். எதிரில் உட்காரும் கிரெக் காசை எடுத்தால் கையைப் பிடித்து மடக்கினார். ஊரில், காத்தான்குடிச் சாப்பாட்டுக் கடைகளில், இந்த மல்லுக்கட்டில் அவர் தோற்றதே கிடையாது.

சில வாரங்களில் மேசையின் போக்கு மாறிவிட்டது. மணி அடித்ததும் கிரெக் தன் காப்பியைத் தானே வாங்கிக்கொள்ள வண்டிப் பக்கம் நழுவினான். பின்னால் ஒவ்வொருவராக மற்றவர்களும். சனிக்கிழமை கிரெக் வீட்டில் பார்பிக்யூ என்று சிறி காரில் வாய்தவறிச் சொன்னான். அலியாரை யாரும் கூப்பிடவில்லை.

"நான் அவனுக்கு என்ன குறை வெச்சேன்?" என்று அன்று குசினியில் வந்து நின்று கேட்டார்.

ரோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்த மனைவி ஜெய்னம்பு நிமிரவில்லை. "நோன்புக்கு நாம கஞ்சி அனுப்பினா, பக்கத்து வீட்டுக்காரி கோப்பைய வெறுமையாவா திருப்பித் தருவா?"

"இல்லையே. வட்டிலப்பமோ பழமோ வெச்சுத் தருவா."

"அவள வைக்கவிடாம ஒவ்வொரு தரமும் கையப் புடிச்சா? அடுத்த நோன்புக்குக் கதவத் திறப்பாளா?"

மறுநாள் மணி அடித்தது. அலியார் எழும்பவில்லை. கைகள் கேட்காததால் அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கதவுவரை போய்விட்ட கிரெக்கைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"கிரெக்! யுவர் ஷவுட்!"

கிரெக் திரும்பினான்.

"சீனி எத்தனை?" என்று கேட்டான்.

"மூன்று."

"மூன்றா? பல்லு மிஞ்சாது, கிழவா!"

வந்த காப்பி தண்ணீராக இருந்தது. அலியார் அடிவரை குடித்தார்.

"சனிக்கிழமை மனைவியோடு வா," என்றான் கிரெக். "ஹலால் சொசேஜ் வாங்கி ஃப்ரீஸரில் எப்போதோ வைத்துவிட்டேன். ஒரு காப்பி வாங்க விடாதவனை வீட்டுக்கு எப்படிக் கூப்பிடுவது?"

சனிக்கிழமை ஜெய்னம்புவின் தட்டிலிருந்த ரோல்ஸ், சொசேஜ் வேகும் முன்பே முடிந்துவிட்டது. புறப்படும்போது கிரெக்கின் மனைவி அதே தட்டில் கொல்லை மரத்து எலுமிச்சம்பழங்களைக் குவித்துக் கொண்டுவந்தாள்.

"ஐயோ, இதெல்லாம் எதுக்கு..." என்று அலியார் கையை உயர்த்தினார்.

ஜெய்னம்பு அவருடைய காலை மிதித்தாள்.

"தாங்க்யூ," என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.