ஏழாம் நம்பர் வண்டியின் கொம்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது விமானத்தைப் பற்றி. யுத்தகாலத்தில் பட்டாளத்துக்குச் சாமான் ஏற்றும் விமானம், அதன் வயிற்றில் பெரிய எழுத்து, ரேடியோவில் அதற்கென்று ஓர் அழைப்புப் பெயர். ஆசையாய்த் தொடங்கினேன்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு. பதுளை வானத்தில் ஒரு விமானம்...'

அட போய்யா! அந்த வருஷம் என் பதுளை வானத்தில் காக்காயும் பருந்தும்தான். ஆகவே எழுத்தையும் அழைப்பையும் மாட்டு வண்டிகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

2

பூனாகலைத் தோட்டத்திலிருந்து பண்டாரவளை ரயிலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றுபவை இத்ரூஸ் முதலாளியின் வண்டிகள். பட்டாளத்துத் தேயிலை என்பதால் புது உத்தரவு வந்தது: கூண்டில் சுண்ணாம்பால் நம்பர் எழுத வேண்டும், வளைவுகளில் அந்த நம்பருக்குரிய விதமாகக் கொம்பு ஊத வேண்டும். மாற்றி ஊதினால் வண்டி வேறு ஆளுக்கு. (உத்தரவு என் சொந்தச் சரக்கு. சரித்திரத்தில் தேடி அலையாதீர்கள்.)

வண்டிக்காரன் கந்தப்பனுக்கு ஏழாம் நம்பர். இத்தனை வருஷம் அவன் ஊதிய 'நீளம், குட்டை, குட்டை' மூன்றாம் நம்பர் அழகையாவுக்குப் போய்விட்டது.

"எப்படி ஊதினா என்னடா? மாடு நடந்தாச் சரி" என்றார் முதலாளி.

மாடு நடக்கும். பெரியாயி? கொழுந்து பறிக்கும் அந்த மாமன் மகளிடம் போன வாரம்தான் சொல்லியிருந்தான்: "வெள்ளிக்கிழம எங் கொம்பு கேட்டதும் ரோட்டுக்கு எறங்கி வந்து பதிலச் சொல்லு புள்ள." ஞாயிறன்று கங்காணி வீட்டார் அவளைப் பெண் கேட்டு வருகிறார்கள்.

3

(கந்தப்பன் கண்ணீர் விட்டு... வேண்டாம். அவன் அழுகிற ஆளில்லை, வியர்க்கிற ஆள்.)

வெள்ளிக்கிழமை அழகையாவின் வண்டி முந்திக்கொண்டது. நீளம், குட்டை, குட்டை. பெரியாயி ஓடிவந்து, வெட்கத்தில் தலை நிமிராமல், "எனக்குச் சம்மதம். அப்பாகிட்ட வந்து கேளுங்க" என்றாள்.

அழகையாவுக்கு அறுபது வயது. "ஆத்தாடி! எம் பொஞ்சாதி வெளக்குமாத்த எடுப்பாளே!"

"அவரு கொம்ப உங்ககிட்ட குடுத்துட்டாரா?" என்றவள், பதிலுக்கு நிற்காமல் விறுவிறுவென்று மலையேறினாள். தன்னை வேண்டாமென்று சொல்ல அவன் கண்ட வழி இது என்றே நினைத்துவிட்டாள்.

பின்னால் வந்த கந்தப்பன் அவள் முதுகைத்தான் கண்டான். சரிவில் மாட்டை விட்டு இறங்க முடியாது. பக்கத்து அருவி இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. கொம்பு ஒன்றுதான் வழி. வளைவிலோ, எந்த நம்பர் எப்படி ஊத வேண்டும் என்ற பட்டியலை மடியில் வைத்துச் சரிபார்த்தபடி கிளார்க் ஷுக்ரி.

4

முடிவு அ: அவன் ஏழாம் நம்பருக்குரியதையே ஊதினான். அவள் திரும்பவில்லை. (எழுதிக் கிழித்துவிட்டேன். மனசு கேட்கவில்லை.)

முடிவு ஆ: நீளம், குட்டை, குட்டை! அவள் திரும்பினாள், வந்தாள். ஷுக்ரியும் எழுந்தார். "ஏழாம் நம்பர்! மாத்தி ஊதுறியா?"

அவருடைய பட்டியலைப் பார்த்தாள், கூண்டிலிருந்த நம்பரைப் பார்த்தாள், அவன் முகத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்தாள். எல்லாம் புரிந்தது. வெடுக்கென்று கொம்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஊதுனது நாந்தாங்க ஐயா. பொம்பளைக்கு எத்தனாம் நம்பர் போட்டிருக்கீங்க?"

ஷுக்ரி எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர். பட்டியலை மூன்று முறை புரட்டினார். பிறகு பேனாவை எடுத்து...

எனக்குத் தைரியம் போதவில்லை. பேனாவை நீங்களே பிடியுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பெரியாயி இடுப்பில் கை வைத்து, உங்களையேதான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.