ஈதற்பிணைப்பு

சஹனைத் தானே எடுத்து வருவதாக ஜுனைதா சொன்னபோது ஃபஹ்மியாவுக்கு மனம் குளிர்ந்துபோனது. கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு அது, ஃபஹ்மியாவின் வீட்டுடையது.

“அதத் தூக்கிக்கிட்டு நீ பஸ்ஸில வர ஏலாதுடி. நான் த்ரீவீல்ல கொண்டாறன்.”

தில்லையடியில் ஒரு பெண்கள் பாடசாலைக்கு இரசாயனவியல் ஆசிரியை தேவைப்பட்டது. இடம் ஒன்றுதான். கேட்டு வந்தவர்களோ கம்பஸில் ஒரே அறையில் இருந்த இந்தச் சிநேகிதிகள் இருவர். அணுக்கள் எப்படிப் பிணைகின்றன என்பதை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அதிபர் முன்னிலையில் கற்பித்துக் காட்ட வேண்டும். தனக்கு ஒன்றும் ஓடவில்லை என்று ஜுனைதா அழுததால், ஃபஹ்மியா முதல்நாளே சஹனை வைத்துத் தன் பாடத்தை அவளுக்குச் செய்து காட்டியிருந்தாள்.

ஜுனைதாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். விறாந்தைக் கதிரையில் காத்திருந்த ஃபஹ்மியாவுக்குச் சஹன் மேசையில் வைபடும் சத்தம் கேட்டது.

“ரெண்டு ஐதரசன் விருந்துக்கு வருது. ஆளுக்கு ஒரு இலத்திரன்தான் கையில. போடுங்க மகள், ஒரு பேரீச்சம்பழம். நீங்களும் ஒண்டு போடுங்க. இப்ப இவக்கும் ரெண்டு, அவக்கும் ரெண்டு! இதுதான் பங்கீட்டு வலுப்பிணைப்பு. ஒராள் பழத்தத் தூக்கிக்கிட்டு எழும்பினா? விருந்து முடிஞ்சு!”

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று ஃபஹ்மியா முன்பே நினைத்து வைத்திருந்தாள்.

வெளியே வந்த ஜுனைதா தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தாள். “வேறொண்டும் வரல்லடி.”

ஃபஹ்மியா உள்ளே போனாள். அது தன் பாடம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் ஒருத்தியின் மானத்தை எடுக்க மனம் ஒப்பவில்லை. பிஸ்மி சொல்லிச் சஹனைத் தன் பக்கம் இழுத்தாள். பாடம் விட்ட இடத்திலிருந்து போவதைத் தவிர வழியில்லை.

“இப்ப ஒரு விருந்தாளி வெறுங்கையோட வாறார். ஐதரசன் அயன். இலத்திரனே இல்ல. அமோனியாவில மூண்டு ஐதரசனோட பங்கு போட்டிருக்கிற நைதரசன்கிட்ட, யாரோடயும் பங்கு போடாத ஒரு சோடி இன்னும் இருக்கு. ரெண்டையும் அதுவே சஹன்ல வெக்குது. இது ஈதற்பிணைப்பு. வெச்ச பிறகு நாலு பிணைப்பும் ஒரே மாதிரி. எதை யார் கொண்டுவந்ததெண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது.”

சொல்லி முடித்ததும் அவள் பலகைப் பக்கம் திரும்பி, நைதரசனின் தலையில் ஒரு நேர் அடையாளம் போட்டாள்.

“டீச்சர், கூட்டல் போட்டிருக்கு. குடுத்ததுக்கு லாபமா?” பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“இல்ல மகள். இலத்திரனுக்கு மறை ஏற்றம், அதாவது கழித்தல். அது குறைஞ்சாத்தான் இந்த அடையாளம் வரும். பாக்கத்தான் கூட்டல். உள்ளுக்குக் குறை.”

“அப்ப நைதரசன் பாவம்.”

“பாவம்தான். ஆனா குடுக்காட்டி அந்த விருந்தாளி தனியா நிண்டிருப்பார்.”

பிறகு அதிபர் இருவரையும் அறைக்கு அழைத்தார். “ஜுனைதாட யோசனை புதுசு. அவங்களையே எடுக்கிறம். ஃபஹ்மியா, அவங்கட யோசனைய நீங்க அழகா நீட்டிக்கொண்டு போனீங்க, மாஷா அல்லாஹ்.”

ஃபஹ்மியா தன் சிநேகிதியைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும். ஜுனைதா கைப்பையின் சிப்பை மூடினாள், திறந்தாள், திரும்பவும் மூடினாள்.

வாசலில் ஓடிவந்து கையைப் பிடித்தாள். “ஃபஹ்மி, சஹன நான் வீட்ட கொண்டுவந்து தாறன்.”

“வேணாம். நீ அதக் கழுவவும் இல்ல.”

பஸ்ஸில் நெரிசல். ஒரு கையில் சஹன், மறு கையில் கம்பி என்று ஃபஹ்மியா தள்ளாடினாள். பக்கத்து இருக்கையில் திருநீறு பூசிய ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“இவ்வளவு பெரிய தட்டு! கல்யாண வீடா பிள்ள? தாங்க, மடியில வெச்சிருக்கிறன்.”

ஃபஹ்மியாவின் கை தயங்கியது. நேற்றும் ஒருத்தி இப்படித்தான் கேட்டாள். கண்ணீர் அப்போதுதான் வந்தது.

பிறகு கொடுத்தாள். ஃபஹ்மியா இறங்கும் இடம் வரும்வரை அந்தப் பெண் சஹனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.