பயனர் ஒன்று

இவள் அனுப்பிய வடிவமைப்புத் தொகுப்பின் பதினோராம் பக்கத்தில் அக்கா நின்றுவிட்டாள். அதுவரை மடமடவென்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டு வந்தவள். கூடப் பிறந்தவள் இல்லை, கல்லூரியில் இவளுக்கு இரண்டு வருடம் மூத்தவள். வேதியியலைத் தலைமுழுகிவிட்டு வடிவமைப்பு படிக்கப் போனவள். இவளும் அதே மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். தொகுப்பை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கவே மூன்று வாரம் தயங்கினாள். அனுப்பக் கடைசி நாள் நாளை.

"இது என்ன துணி?" என்றாள் அக்கா போனில்.

"சிந்தின டீயைத் துடைக்கறதுக்கு, அக்கா. துடைக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டேன். வித்தியாசம்தான் சிந்தின அளவு."

"உனக்கு லேப்ல கோயிலே கட்டலாம்."

கை நடுங்குபவர்களுக்காக இவள் வடிவமைத்த கோப்பைதான் அந்தத் தொகுப்பு. கனமான அடி, இரண்டு பிடி, உள்வாங்கி வளைந்த விளிம்பு. ஏழு மாதிரிகள், வெள்ளைப் பின்னணியில், நிழல்கூட விழாமல்.

"எல்லாம் சுத்தமா இருக்கு. குடி வராத வீடு மாதிரி. யாரு இந்தப் பயனர் ஒன்று?"

இவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பெயரை மறைத்து எண் ஒட்டுவதுதான் முதல் வேலை. அந்தப் பழக்கத்தில் இதிலும் ஒட்டியிருந்தாள்.

"எங்கம்மா."

மறுமுனையில் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளும் மவுஸ் சத்தம் கேட்டது.

"இருபத்தி நாலு பக்கத்துல எங்கயாவது இதச் சொன்னியா?"

"அம்மாதான் கை தெரிய வேணாம்னாங்க."

"இப்படியே அனுப்பினா நல்ல அறிக்கைன்னு ஓரமா வெச்சிடுவாங்கடி. அந்தக் கையோட ஒரே ஒரு படம் போடு. போதும்."

போனை வைத்த பிறகும் இவள் எழுந்திருக்கவில்லை. திரையில், விண்ணப்பிக்கப் போகும் கல்லூரியின் பட்டறைக் கூடத்தின் படம் திறந்தே இருந்தது. நீள மேசைகள், அட்டை வெட்டும் ஆட்கள், ஜன்னலோரம் காலியாக ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, அதன் காலில் சொட்டியிருந்த நீலப் பெயின்ட் வரை இவளுக்கு மனப்பாடம்.

அம்மா இருபத்தாறு வருடம் நர்ஸ். பச்சைக் குழந்தைக்கும் முதல் குத்திலேயே நரம்பு கிடைத்துவிடும். மற்றவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவுக்காகக் காத்திருப்பார்களாம். கை நடுங்க ஆரம்பித்ததும், யாரும் சொல்வதற்கு முன்பே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து யார் வந்தாலும் இரண்டு கைகளும் மடியில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். அந்தக் கைகளை எப்படிக் கேட்பது?

"ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினா எனக்குக் கேக்காதா?" அம்மா சமையலறை வாசலில் நின்றாள். "படிக்கப் போனா ரெண்டு வருஷமா?"

"கிடைச்சாத்தானே."

"கிடைக்கும். டீ ஆறிடுச்சு, அதையே எடுத்துட்டு வா."

அம்மா ஜன்னலருகே உட்கார்ந்தாள். இவள் புதுக் கோப்பையை வைத்ததும் அதை ஓரமாக நகர்த்தினாள். அலமாரியில் கவிழ்த்திருந்த பழைய கண்ணாடி டம்ளரைக் காட்டினாள்.

"முதல்ல அதுல படம் எடு. அப்பதான் இது எதுக்குன்னு பாக்கறவங்களுக்குப் புரியும்."

"வேணாம்மா."

"முக்கால் இல்ல. முழுசா ஊத்து."

டம்ளர் மேசையை விட்டு எழுந்தது. டீ விளிம்பைத் தாண்டி விரல்களில் வழிந்து, மணிக்கட்டில் இறங்கியது. அம்மா கேமராவைப் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு ஒரு கையில் போன், மறு கையில் எடை போட்டு வைத்த உலர்ந்த துணி. விரல் பொத்தான் மேலேயே நின்றது.

"எடுத்துட்டியா?" என்றாள் அம்மா, டம்ளரை இறக்காமல்.

முழங்கையின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.