தடை உடனே அமலாகிறது

வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலுக்கென்று தனியாக இருந்த பெட்டிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த வேலையை மென்பொருளாக்கிச் சாதாரண சர்வர்களின் தலையில் கட்டியபோதே, திருகாணி என்று எல்லோரும் கூப்பிடும் அவனுக்குத் தெரியும், இது மூச்சு வாங்கும் என்று. வாங்கியது. அதற்குத்தான், சர்வரின் சுமையைத் தான் வாங்கிக்கொள்ளும் இந்த வேக அட்டை. சர்வருக்கு ஒன்றாக நாற்பது அட்டைகளை, சர்வர் அறைக் குளிரில் விரல் மரத்துப்போக, அவனும் மச்சினனும் சொருகி முடித்தார்கள். ஒன்பது வருஷமாக அவன் அந்த நிறுவனத்தில் ஒப்பந்த ஆள். மச்சினனை உள்ளே கொண்டுவந்ததும் அவன்தான்.

வேகம் ஆறு மடங்கு கூடியது. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. "சோதனை அறிக்கைல கையெழுத்தப் போடு. அடுத்த மாசம் நீ நிரந்தரம்."

கையெழுத்துக்கு முன்னால் திருகாணி ஒன்று செய்து பார்த்தான். ஒரு இணைய முகவரியிலிருந்து பெரிய கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போதே அந்த முகவரியைத் தடைப்பட்டியலில் போட்டான். கோப்பு நிற்கவில்லை, அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மென்பொருள் ஒருமுறை சரியென்ற இணைப்பை அட்டை மனப்பாடம் செய்துகொண்டு, அதற்கப்புறம் யாரையும் கேட்காமல் விட்டுக்கொண்டிருந்தது.

"சார், திருடன்னு தெரிஞ்ச பிறகும் உள்ள விடுது."

"புதுசா வர்றவனத் தடுக்குதுல்ல?"

"தடுக்குது. ஏற்கெனவே உள்ள இருக்கிறவன வெளிய தள்ள மாட்டேங்குது."

"அதச் சரி பண்ண ரெண்டு மாசம் ஆகும். வாடிக்கையாளர் நாளைக்கு வர்றாரு. நீ அட்டை சொருக வந்தியா, எனக்குப் பாடம் எடுக்க வந்தியா?"

"அறிக்கைல 'தடை உடனே அமலாகிறது'ன்னு இருக்கே, அந்த ஒரு வரிய அடிச்சிட்டுப் போடுறேன் சார்."

மேலாளர் தாளை அவன் கையிலிருந்து உருவி மச்சினனிடம் நீட்டினார்.

மச்சினன் படித்தான். தலை நிமிரவில்லை. "பேனா இருக்கா சார்?" என்றான்.

திருகாணி வெளியே வந்ததும் மச்சினன் பின்னாலேயே ஓடிவந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க மச்சான். நான் போடலன்னா வேற எவனாவது போட்டிருப்பான்."

"அந்த எவனாவது சொந்தப் பேனாவோட வந்திருப்பான்டா."

அடுத்த மாதம் மச்சினன் நிரந்தரமானான். திருகாணியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டதற்கு, ஆள் அதிகம் என்றார்கள்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். "என் தம்பிக்காவது நிலைச்சுதே" என்றாள். மடித்ததை அடுக்கி வைத்துவிட்டு, "அவன விட்டு மேலாளர்கிட்ட உங்களுக்காக ஒரு வார்த்தை பேசச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் திருகாணிக்கு வாய் வந்தது.

"கேட்டுப் பாரு" என்றான்.